மர்சாஷ்லொக்கில் எங்கே சாப்பிடுவது: கடையை விடுங்கள், முதலில் கிழமையைப் பாருங்கள்

நீங்கள் கேட்டது இதுதான். அக்டோபரில் ஆறு நாள் மால்டா வருகிறீர்கள், நீங்கள், மனைவி, அப்பா, அம்மா என்று நான்கு பேர். அம்மா சுத்த சைவம். ஞாயிற்றுக்கிழமை மர்சாஷ்லொக் மீன் சந்தையைப் பார்த்துவிட்டு அங்கேயே மதியம் சாப்பிடுவதாகத் திட்டம். எந்தக் கடை நல்ல கடை, என்ன குடிக்கலாம், எவ்வளவு ஏமாற்றுவார்கள். நான் இந்தத் தீவுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது, சொந்த ஊர் தூத்துக்குடி, மீன் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாத ஆள். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதல் வேலையாக அந்தத் திட்டத்தை உடைத்துவிடுங்கள். ஞாயிறு பார்ப்பதற்கு, சாப்பிடுவதற்கு இல்லை. ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு அந்தக் கிராமத்தில் இருப்பது பாதித் தீவும் நாலு டூரிஸ்ட் பஸ் ஜனமும். எல்லாக் கடையிலும் மேஜை நிரம்பி, சமையலறை திணறி, பரிமாறுபவர் உங்கள் முகத்தைக்கூடப் பார்க்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பார். அதே கடையில் புதன்கிழமை மதியம் போய் உட்காருங்கள், அவரே வந்து இன்று என்ன வந்தது, எது வேண்டாம் என்று சொல்வார். ஆறு நாள் இருக்கிறீர்களே, இரண்டு தடவை போங்கள். தலைநகர் வல்லெட்டாவிலிருந்து 81, 85 என்ற இரண்டு பஸ் போகிறது, முக்கால் மணி நேரத்துக்குள் இறக்கிவிடும். விமான நிலையத்திலிருந்து 119. தீவே மொத்தம் இருபத்தேழு கிலோமீட்டர் நீளம்தான், எதுவும் தூரம் இல்லை.

பெயரை முதலில் சரியாகச் சொல்லப் பழகுங்கள், ஏனென்றால் எழுதியிருப்பதைப் பார்த்து மார்சக்ஸ்லாக் என்று கேட்டால் டிரைவர் ஒரு நொடி யோசிப்பார். மால்டீஸ் மொழியில் எக்ஸ் என்ற எழுத்துக்கு ஷ் ஒலி. மர்சா என்றால் துறைமுகம், ஷ்லொக் என்றால் தென்கிழக்குக் காற்று, ஆப்பிரிக்கப் பக்கமிருந்து வருகிற வெக்கைக் காற்று. அரபி வழி வந்த மொழியை லத்தீன் எழுத்தில் எழுதுகிறார்கள், அதனால்தான் இந்தக் குழப்பம். பெயர் விளக்கத்தை அறிவுக்காகச் சொல்லவில்லை, சாப்பாட்டுக்குத்தான் சொல்கிறேன். அந்த விரிகுடா வாய் திறந்திருப்பது தென்கிழக்குப் பக்கம். ஷ்லொக் அடித்தால் சின்னப் படகுகள் கரையை விட்டு நகராது. 1989 டிசம்பரில் அமெரிக்க அதிபர் மூத்த புஷ்ஷும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் பனிப்போரை முடிக்கப் பேசினார்களே, அது இந்த விரிகுடாவில் நின்ற கப்பலில்தான். காற்றும் அலையும் அடித்த அடியில் பேச்சுவார்த்தை நேரத்தையே மாற்றவேண்டி வந்தது. வல்லரசுத் தலைவர்களுக்கே அந்தக் கதி என்றால் லுட்ஸு வைத்திருக்கிறவர் எப்படிப் போவார். (லுட்ஸு என்பது மூக்கில் இரண்டு கண் வரைந்த, மஞ்சள் நீலம் சிவப்பு பச்சை என்று பட்டை பட்டையாக வண்ணம் அடித்த அந்த மரப் படகு, போஸ்ட்கார்டில் பார்த்திருப்பீர்கள்.) ஆகவே, இரண்டு நாள் தொடர்ந்து காற்று அடித்திருந்தால் மூன்றாம் நாள் போய், "இன்னைக்குப் பிடிச்ச மீன்" என்று யார் சொன்னாலும் சிரித்துவிட்டு பாஸ்டா சாப்பிடுங்கள்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். காலை எட்டு மணிக்குள் அங்கே இருங்கள். பத்து மணிக்கு மேல் வல்லெட்டாவிலேயே பஸ் நிரம்பிவிடும், நடுவில் உள்ள நிறுத்தங்களில் நிற்காமல் போய்விடும். நான் ஒரு தடவை கைக்குழந்தையோடு இரண்டு பஸ்ஸை இப்படி விட்டிருக்கிறேன். சந்தை கடலோரமாகவே நீண்டு போகிறது. அதில் பெரும்பகுதி கைப்பை, மேஜை விரிப்பு, சட்டை, பொம்மை லுட்ஸு. இவை வாரம் முழுவதும் இருப்பவை, வேகமாக நடந்து கடந்துவிடலாம். மீன் தட்டுகள் ஒரு பகுதியில் மட்டும்தான். அதையும் தேன், கேப்பர் (ஒரு செடியின் பூமொட்டு) ஊறுகாய், நூகட் மிட்டாய் விற்கிற மேஜைகளையும் நிதானமாகப் பாருங்கள்.

மீன் தட்டுக்கு முன்னால் நின்றதும் உங்கள் அப்பாவுக்கு ஊர் ஞாபகம் வரும். த்ரில் என்று சிவப்பாகக் கிடப்பது நம் நவரையின் உறவு. செர்னா என்பது களவா. தோன் என்பது சூரை வகை, ஆனால் பெரிய நீலத்துடுப்பு. சவ்ரெல் பாறைக் குடும்பம். கணவாய் இரண்டு மூன்று விதம் கிடக்கும், அதில் அர்னிட் என்பது எட்டுக்கால் பேய்க்கணவாய். வாள்மீனைப் பலகை பலகையாக வெட்டி வைத்திருப்பார்கள், தலை மட்டும் வாளோடு பக்கத்தில் நிற்கும், குழந்தைகள் போட்டோ எடுப்பதற்கு என்றே வைத்தது போல. வாங்கினால் அங்கேயே செதிள் உரசி, குடல் எடுத்துத் தருவார்கள். சமையலறை உள்ள வீடு எடுத்துத் தங்குகிறீர்கள் என்றால் ஒரு கிலோ நவரை வாங்கிப் போய் நீங்களே வறுத்துவிடுங்கள், இந்தக் கிராமத்தில் கிடைக்கிற மிகச் சிறந்த சாப்பாடு அதுவாகக்கூட இருக்கலாம். பெட்டியில் மிளகாய்ப் பொடி வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், யாரும் கொண்டுவராமல் இருந்ததில்லை.

ஞாயிறு அங்கே வயிற்றுக்கு என்ன? காலைச் சாப்பாடு மட்டும். ஹொப்ஸ் பிஸ்ஸெய்ட் என்று கேளுங்கள். நேர்ப் பொருள் எண்ணெயோடு ரொட்டி. மேல்தோல் பாறையாக, உள்ளே பஞ்சாக இருக்கிற மால்டீஸ் ரொட்டியில் கெட்டியான தக்காளி விழுதைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, கேப்பர், ஆலிவ் காய், வெங்காயம், புதினா, டின் சூரை எல்லாம் வைத்துத் தருவார்கள். அம்மாவுக்கு சூரை இல்லாமல் சொன்னால் போதும், முழு சைவம், வயிறும் நிறையும். அதையே நடுவில் ஓட்டை உள்ள தட்டை ரொட்டியில் செய்தால் ஃப்திரா. அந்த ஃப்திரா செய்முறையை 2020இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். சேர்த்ததிலிருந்து டூரிஸ்ட் கடைகளில் விலை ஏறியதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, விடுங்கள். கையில் ரொட்டியோடு கடல் சுவரில் உட்கார்ந்து படகைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுங்கள். பூனைகள் வரும். சூரை போட்ட ரொட்டி யாரிடம் இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியும்.

அப்புறம் பதினொரு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். அல்லது பெரியவர்களுக்கு நடக்க முடியும் என்றால் டெலிமாரா முனைப் பக்கம் செயின்ட் பீட்டர்ஸ் பூல் வரை போய்க் கடலைப் பார்க்கலாம், அரை மணிக்கு மேல் நடை, நிழல் கிடையாது. முடியாவிட்டால் துறையிலிருந்தே படகுக்காரர்கள் கூட்டிப் போவார்கள். அங்கே தண்ணீர் விற்கவே ஆள் இருக்கும் என்று நம்பாதீர்கள், பாட்டில் எடுத்துப் போங்கள்.

இனி உண்மையான சாப்பாடு, அதாவது வார நாள் மதியம். ராத்திரி வேண்டாம் என்பேன். ராத்திரி அழகுதான், ஆனால் மீன் கடல்புரத்தில் மதியம் சாப்பிட வேண்டிய பொருள் என்பது எங்கள் வீட்டு வழக்கம். தவிர, வெளிச்சத்தில்தான் மீன் கண்ணைப் பார்க்க முடியும்.

இதில்தான் பலர் கை சுட்டுக்கொள்கிறார்கள், அதனால் மெதுவாகச் சொல்கிறேன். கடற்கரை ஓட்டல்களில் மெனு அட்டையில் பாஸ்டாவுக்கும் சூப்புக்கும் விலை இருக்கும். முழு மீனுக்கு இருக்காது. இருந்தாலும் கிலோவுக்கு இவ்வளவு, நூறு கிராமுக்கு இவ்வளவு என்று இருக்கும். ஆர்டர் எடுப்பவர் ஒரு தட்டில் பச்சை மீனை அடுக்கிக் கொண்டுவந்து காட்டுவார். அழகாக இருக்கும், தலை ஆட்டிவிடுவோம். அந்த எடை குடலோடு, தலையோடு, சமைப்பதற்கு முந்தைய எடை. நான் வந்த முதல் வருடம், நண்பர்கள் மூன்று பேரோடு போய், "அந்தப் பெரியது" என்று விரலை நீட்டினேன். ஒரு கிலோ நானூறு கிராம் என்று பில்லில்தான் தெரிந்தது. கடைக்காரர் ஒரு பொய்யும் சொல்லவில்லை, நான்தான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதனால் அந்தக் கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது என்ன செய்கிறேன் என்றால், தட்டு வந்ததும் மீனைச் சுட்டி, "கெம் யீஸென்?" என்று கேட்கிறேன், எவ்வளவு எடை என்று அர்த்தம். உடனே அவர் முகத்தில் ஒரு சின்ன மாற்றம் வரும். உள்ளே எடுத்துப்போய்த் தராசில் வைத்து, எழுநூற்று ஐம்பது கிராம், இவ்வளவு யூரோ என்று வந்து சொல்வார். இரண்டு பேருக்கு எழுநூறு எண்ணூறு கிராம் மீன் தாராளம். ஆங்கிலத்தில் கேட்டாலும் ஒன்றும் குறைவில்லை, எல்லாரும் ஆங்கிலம் பேசுவார்கள், ஆனால் மால்டீஸில் கேட்டால் பக்கத்து மேஜையே திரும்பிப் பார்த்துச் சிரிக்கும்.

இரண்டாவது கேள்வி, வளர்ப்பு மீனா கடல் மீனா என்பது. அவ்ராட் (ஆங்கிலத்தில் சீ பிரீம்), ஸ்ப்னொட்டா (சீ பாஸ்) இரண்டும்தான் எல்லா மெனுவிலும் இருக்கும், எல்லாமே ஒரே அளவில், ஒரே அச்சில் வார்த்தது போல முந்நூறு நானூறு கிராமில் வரும். அவை பெரும்பாலும் கூண்டில் வளர்த்தவை. மோசம் இல்லை, விலையும் மலிவு, முள் எடுக்கவும் சுலபம், அப்பாவுக்கு அது போதும் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் கடல் மீன் விலை வாங்கிக்கொண்டு அதை வைத்தால் கோபம் வரும் இல்லையா, அதனால் கேட்டுவிடுங்கள். கேட்டால் ஒளிக்க மாட்டார்கள்.

எப்படிச் சமைக்கச் சொல்வது என்று கேட்பார்கள். சுட்டது, ஓவனில் வேகவைத்தது, உப்புக்குள் புதைத்தது என்று மூன்று நாலு வழி சொல்வார்கள். உப்புக்குள் புதைத்ததை மேஜைக்கே கொண்டுவந்து சுத்தியல் மாதிரி கரண்டியால் உடைப்பார்கள், பார்க்க வேடிக்கை, கடல் மீனுக்கு மட்டும் சொல்லுங்கள். சுட்டதுதான் என் தேர்வு. மசாலா என்று ஒன்றும் இருக்காது. எலுமிச்சை, பூண்டு, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். முதல் வாய்க்கு நமக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். மூன்றாவது வாயில் மீன் ருசி வர ஆரம்பிக்கும். வராவிட்டால் மிளகு கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

நீங்கள் வருவது அக்டோபர் என்பதால் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், அது லம்பூக்கி காலம். ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரைதான். மாஹி மாஹி என்று உலகம் சொல்கிற மீன், முதுகு பச்சை நீலமாக, வயிறு தங்கமாக மின்னும், செத்ததும் நிறம் மங்கிவிடும். இதைப் பிடிக்கிற முறையைக் கேளுங்கள். பனை இன மரத்தின் அடி ஓலைகளை வெட்டி, மிதவைப் பலகையில் கட்டி, கல் நங்கூரம் போட்டு நடுக்கடலில் வரிசையாக விடுகிறார்கள். கன்னிட்ஸாட்டி என்று பெயர். வெயிலுக்கு லம்பூக்கி அந்த ஓலை நிழலில் வந்து கூடும், படகில் போய் வலையால் சுற்றி வளைத்துவிடுவார்கள். குமரிக் கடற்கரை ஆட்கள் தென்னை மட்டையும் குலைக் காம்பும் கட்டி இறக்கிக் கணவாய் சேர்க்கிற அதே புத்தி. முதன்முதலில் இதைக் கேட்டபோது எனக்கு இந்த ஊர் மேல் இருந்த அந்நியம் கொஞ்சம் போனது.

லம்பூக்கியைச் சுட்டால் வறண்டுவிடும் என்பது என் அபிப்பிராயம். துண்டு போட்டு மாவில் புரட்டி வறுத்து, மேலே தக்காளி, கேப்பர், ஆலிவ், பூண்டு சேர்த்த குழம்பு ஊற்றித் தருகிறார்களே, அதைச் சொல்லுங்கள், நமக்கு மிக நெருக்கமான ருசி அதுதான். இன்னொன்று லம்பூக்கிப் பை. மாவு மூடிக்குள் மீன், கீரை, காலிஃபிளவர், ஆலிவ், கூடவே சில வீடுகளில் உலர் திராட்சை. மீனும் திராட்சையும் என்றதும் முகம் சுளிக்காதீர்கள், ஒரு துண்டு வாங்கிப் பகிர்ந்து பாருங்கள். பிப்ரவரியில் யாராவது ஃப்ரெஷ் லம்பூக்கி என்று போர்டு வைத்தால் அது ஃப்ரீசரில் இருந்து வந்தது, அது உங்கள் கவலை இல்லை.

சூப்பில் அல்யொட்டா. இதை விடவே கூடாது. மீன் தலையும் சின்ன மீனும் போட்டுக் கொதித்த சாறு, நிறையப் பூண்டு, தக்காளி, மர்ஜோரம் இலை, அடியில் கொஞ்சம் அரிசி. பெயரே இத்தாலியப் பூண்டிலிருந்து வந்தது. எலுமிச்சை பிழிந்து குடித்தால் ரசமும் மீன் கஞ்சியும் சந்தித்துக்கொண்ட மாதிரி இருக்கும். விலையும் கம்மி. ஒரு அல்யொட்டா, ரொட்டி, பக்கத்தில் ஒரு தட்டுப் பொரித்த கணவாய், இரண்டு பேருக்கு மதியம் முடிந்தது. நான் தனியாகப் போனால் முழு மீன் பக்கமே போக மாட்டேன்.

பேர் சொல்லிக் கேட்டீர்கள், சொல்கிறேன், ஆனால் கடைகள் கை மாறும், சமையல்காரர் மாறுவார், வருவதற்கு முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். திங்கள் விடுமுறை விடுகிற கடைகளும் உண்டு. ஒரே ஒரு நல்ல, கொஞ்சம் ஆடம்பரமான மதியம் வேண்டும், பணம் பரவாயில்லை என்றால் தார்த்தரூன். குடும்பமாக நடத்துகிறார்கள், பச்சையாகவே பரிமாறுகிற மீன் தட்டுகூட நம்பிச் சாப்பிடலாம், வெள்ளைத் துணி மேஜை, முன்பதிவு கட்டாயம். பழைய பாணி, அலங்காரம் இல்லாத மீன் சாப்பாடு என்றால் இர்ரிட்ஸு. அங்கே எதையும் யோசிக்காமல் அல்யொட்டாவும் அன்றைய மீனும் சொல்லலாம். உங்கள் நான்கு பேர் கூட்டத்துக்கு நான் முதலில் சொல்வது சதுக்கத்தில், தேவாலயத்துப் பக்கம் இருக்கிற தா விக்டர். அங்கே மால்டீஸ் வீட்டுச் சாப்பாட்டு வழி, சின்னச் சின்னத் தட்டுகளாக முதலில் மேஜை நிறைத்துவிடுவார்கள். அம்மாவும் சாப்பிட அதில் ஏதாவது இருக்கும். முயலும் கிடைக்கும். மால்டாவின் தேசியச் சாப்பாடு என்று மீனைச் சொன்னால் உள்ளூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அது முயல்தான், வைனில் ஊறவைத்து மணிக்கணக்கில் வேகவைத்தது. எலும்பு நிறைய, நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிடுகிறவருக்குப் பழகின வேலை.

அம்மா விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். இந்த ஊரில் சைவம் என்றால் மாமிசம் இல்லை என்று மட்டும் புரிந்துகொள்வார்கள், மீன் சாறு கணக்கில் வராது. அதனால் "மீனும் வேண்டாம், மீன் சாறும் வேண்டாம்" என்று பிரித்துச் சொல்லுங்கள். கவலையில்லாமல் சாப்பிடக்கூடியவை: பிகில்லா, அதாவது காய்ந்த மொச்சை மாதிரி ஒரு பயற்றைப் பூண்டும் மிளகாயும் போட்டு மசித்தது, கல்லெட்டி என்ற காரமில்லாத பிஸ்கட்டோடு வரும். கபுனாட்டா, அதாவது கத்திரிக்காய், தக்காளி, குடைமிளகாய், கேப்பர் எல்லாம் வதக்கியது, நம் கத்திரிக்காய்த் தொக்குக்கு ஒன்றுவிட்ட தங்கை. பெருஞ்சீரகம் தூவிச் சுட்ட உருளைக்கிழங்கும் உண்டு, ஆனால் சில வீடுகளில் அதை மாமிசத்துக்கு அடியில் வைத்து வேகவைப்பார்கள், கேட்டுவிடுங்கள். ஜ்பெய்னா என்ற உள்ளங்கை அளவு ஆட்டுப்பால் சீஸ் மிக ருசி, அதில் மிளகு ஒட்டிய காய்ந்த வகை இன்னும் ருசி. ஆனால் அதை உறைய வைக்க விலங்கின் இரைப்பையிலிருந்து எடுக்கிற ரென்னட் சேர்ப்பார்கள், அம்மா அதையும் பார்ப்பவர் என்றால் வேண்டாம்.

பஸ்டிட்ஸி பற்றி எல்லா வீடியோவிலும் பார்த்திருப்பீர்கள், ரிக்கோட்டா சீஸ் அல்லது பட்டாணி வைத்த இதழ் இதழான பப்ஸ், ஒன்று ஒரு யூரோவுக்கும் கீழே. பட்டாணி என்றதும் சைவம் என்று அம்மா கையில் கொடுத்துவிடாதீர்கள். பாரம்பரியமாக மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், இப்போது பல இடத்தில் மார்கரின். கடைக்குக் கடை கேட்கவேண்டும். அதற்காக இந்தக் கிராமத்தில் தேட வேண்டியதும் இல்லை, ரபாட் ஊரில் கிரிஸ்டல் பேலஸ் என்ற பழைய கடையில் சுடச்சுடச் சாப்பிடுங்கள், நீங்கள் எப்படியும் பக்கத்தில் மதினா கோட்டை பார்க்கப் போவீர்கள்.

குடிப்பதற்கு வருகிறேன். குழாய்த் தண்ணீர் பாதுகாப்பானதுதான், ஆனால் தீவில் ஆறு கிடையாது, கடல்நீரைச் சுத்திகரித்தும் நிலத்தடி நீரைக் கலந்தும் வருவது, வாயில் வைத்தால் உப்புச் சாயல். பாட்டில் வாங்குங்கள். குளிர்பானத்தில் கின்னி. 1952இலிருந்து இங்கேயே ஃபார்சன்ஸ் ஆலையில் தயாராகிறது, கசப்பு ஆரஞ்சும் மூலிகையும் சேர்ந்தது. முதல் மடக்கில் யாரோ நார்த்தங்காய்த் தோலை சோடாவில் ஊறவைத்துவிட்டார்கள் என்று தோன்றும். இரண்டாவது நாள் நீங்களே கேட்டு வாங்குவீர்கள், அல்லது வாழ்நாளில் தொடமாட்டீர்கள், நடுவழி கிடையாது. பொரித்த கணவாயோடு அதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

பீர் என்றால் சிஸ்க். 1929இலிருந்து காய்ச்சுகிறார்கள். செக் என்ற வங்கிச் சொல்லை உள்ளூர் வாய் சிஸ்க் ஆக்கியது, ஆரம்பித்த குடும்பம் வங்கி நடத்தியது, அதுவே அவர்களுக்குப் பட்டப்பெயராகிப் பீருக்கும் வந்தது என்று கதை. லேசான லாகர், வெயிலுக்குச் சரி, வேறு விசேஷம் இல்லை. வைனில் மட்டும் வெளிநாட்டுப் பெயர் பக்கம் போகாதீர்கள். இந்தத் தீவுக்கே உரிய இரண்டு திராட்சை இருக்கிறது, வெள்ளைக்கு கிர்ஜென்டினா, சிவப்புக்கு ஜெல்லேவ்ஸா. லேபிளில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக் கேளுங்கள். கிர்ஜென்டினா மெலிசு, புளிப்பு, மீனோடு ஒட்டும். சப்பாத்திக்கள்ளிப் பழத்தில் செய்த பைட்ரா என்ற இளஞ்சிவப்பு லிக்கர் ஒன்றும் உண்டு. தித்திப்பு, இருமல் மருந்து ஞாபகம் வரும், ஒரு சின்ன கிளாஸ் நான்கு பேருக்குப் போதும்.

உணவோடு காட்சியும் எதிர்பார்க்கிறீர்கள் என்றால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். படங்களில் வண்ணப் படகும் தேவாலயமும் மட்டும் இருக்கும். நேரில் விரிகுடாவின் ஒரு பக்கம் மின்நிலையம், அதை ஒட்டி 2016இலிருந்து நிற்கிற பெரிய எரிவாயுக் கப்பல், மறுபக்கம் கன்டெய்னர் துறைமுகத்துக் கிரேன்கள். தூத்துக்குடிக்காரனான எனக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை, வீட்டில் இருக்கிற மாதிரியே இருக்கிறது. உங்கள் மனைவிக்குப் போட்டோ முக்கியம் என்றால் தேவாலயத்தைப் பார்த்து எடுங்கள், கடலைப் பார்த்து எடுக்காதீர்கள்.

இனிப்புக்கு ஓட்டலில் காசு செலவழிக்க வேண்டாம். வெளியே இம்அரெட் விற்பார்கள், பேரீச்சம்பழ விழுது வைத்து எண்ணெயில் பொரித்த சாய்சதுரப் பணியாரம், சோம்பு வாசனையோடு. வண்டிக்கு முன்னால் நின்று, இப்போது போட்டதா என்று பார்த்து வாங்குங்கள், ஆறினால் தோல் ரப்பர். சந்தையில் ஹெல்வா என்று பார்த்தால் அது எள்ளில் செய்தது. அதுவும் நம் அல்வாவும் ஒரே அரபிச் சொல்தான், நெய் ஒழுகுகிறதை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கடைசியாக உங்கள் அப்பாவுக்கு. சாப்பிட்டு முடித்ததும் ஓட்டலில் எஸ்பிரஸ்ஸோ சொல்லாதீர்கள். கடற்கரையை விட்டு ஒரு தெரு உள்ளே வாருங்கள், மால்டாவின் எந்தக் கிராமத்திலும் காஸின் என்று ஒன்று இருக்கும், பேண்டு வாத்தியக் குழுவின் கிளப், கால்பந்துக் கிளப், கட்சிக் கிளப் என்று ஏதோ ஒன்று. கீழே ஒரு பார், யார் வேண்டுமானாலும் போகலாம். மர்சாஷ்லொக் கால்பந்து அணி 2006-07இல் நாட்டின் லீக் பட்டத்தையே வென்றது, இவ்வளவு சின்ன ஊர், அந்தப் பெருமை இன்னும் பேச்சில் இருக்கும். உள்ளே வயதானவர்கள் சீட்டு விளையாடிக்கொண்டு சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கே "தே ஃபித் தட்ஸா" என்று கேளுங்கள், கிளாஸில் டீ. கப் இல்லை, கைப்பிடி இல்லாத கண்ணாடி கிளாஸ், அடர்த்தியான டின் பால் ஊற்றிச் செங்கல் நிறத்தில், விளிம்பைப் பிடித்தால் விரல் சுடும். ஊற்றி ஆற்றித் தர மாட்டார்கள், அது ஒன்றுதான் குறை. காபி பிரியர் என்றால் சிக்கரியும் கிராம்பும் சோம்பும் கலந்த மால்டீஸ் காபி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், எல்லா இடத்திலும் கிடைக்காது. நான் என் மாமனாரை அப்படி ஒரு கிளப்பில் உட்கார வைத்துவிட்டு பஸ் நேரம் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது அவர் இரண்டாவது கிளாஸில் இருந்தார், பக்கத்து மேஜை மீனவர் ஒருவர் போனில் தன் படகைக் காட்டிக்கொண்டிருந்தார், இவருக்கு மால்டீஸ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, என்ஜின் எத்தனை குதிரைச் சக்தி என்று மாமனார் விரலால் எண்ணிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த பஸ்ஸை விட்டோம், அடுத்தது கிடைத்தது.